பதற்ற மாத்திரை: முதலில் கேட்ட மருந்து பிறகு ஏன் கேட்பதில்லை?

பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சில மாதங்கள் கழித்து மருத்துவரிடம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “முன்ன மாதிரி மருந்து கேக்கல.” ஆரம்பத்தில் ஒரு மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது, ராத்திரி தூக்கமும் நன்றாக வந்தது. இப்போதும் அதே மாத்திரைதான், அதே அளவுதான். ஆனால் பாதி நிம்மதிகூடக் கிடைப்பதில்லை. நோய் முற்றிவிட்டதோ என்று பயம் வரும். இல்லையென்றால், புதிதாக வாங்கிய மாத்திரை அட்டை சரியில்லையோ என்று சந்தேகம் வரும். மூளை அந்த மருந்துக்குப் பழகியிருக்கலாம் என்பது மட்டும் சட்டென்று யாருக்கும் தோன்றாது.

ஒரே அளவு மருந்து நாளாக ஆகக் குறைவாக வேலை செய்வதைத் தாங்குதிறன் என்கிறார்கள். அது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது அறிவியல் ஆர்வத்துக்கு மட்டும் அல்ல. மாத்திரை ஒரு வேளை தவறினால் வருகிற பதற்றம் பழைய நோயால் வருகிறதா, மாத்திரையாலேயே வருகிறதா என்று பிரித்துப் பார்க்கவும் அது தேவைப்படுகிறது. இந்த ஒரு கேள்வியில் குழம்பித்தான் பலர் வருஷக்கணக்காக மாத்திரையோடு இருந்துவிடுகிறார்கள்.

எந்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறோம்

பதற்றத்துக்கு எழுதித் தருகிற மருந்துகள் எல்லாம் ஒரே வகை இல்லை. அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு ஆகியவை பென்சோடயசெபைன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. போட்ட அன்றே வேலை செய்வது இவற்றின் பெரிய கவர்ச்சி. இந்தக் கட்டுரையில் சொல்கிற தாங்குதிறன் இந்தக் குடும்பத்துக்கு உரியது.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை வேறு வகை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்படுபவை. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். இவற்றையும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு என்று தொல்லைகள் வரலாம். ஆனால் நாலு வாரத்தில் பலன் தேய்ந்து அளவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டிய நிலை பொதுவாக இவற்றில் வருவதில்லை.

இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுவது வழக்கம். மெதுவாக வேலை செய்யும் மருந்து பிடிக்கிற வரைக்கும் நோயாளி தவிக்கக்கூடாது என்று வேகமானதை முதல் சில வாரங்களுக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். திட்டம் நல்ல திட்டம்தான். நடைமுறையில் அது தலைகீழாகிவிடுகிறது. மெதுவான மாத்திரையைச் சாப்பிட்டால் உடனே ஒன்றும் தெரிவதில்லை என்பதால் நோயாளி அதை விட்டுவிடுகிறார். வேகமானது “நல்லாக் கேக்குது” என்பதால் அதை மட்டும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறார். நீண்ட நாள் சாப்பிடவேண்டியது நின்றுவிடுகிறது, நாலு வாரத்தில் நிற்கவேண்டியது நாலு வருஷம் ஓடுகிறது.

இவை வந்த கதை

1950களில் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் பார்பிட்யூரேட் வகை மருந்துகளைக் கொடுத்தார்கள். தூங்கவைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் அவற்றில் பெரிய இடைவெளி கிடையாது. அந்தச் சமயத்தில் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் நியூ ஜெர்சி ஆய்வகத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் உருவாக்கி, கண்டுகொள்ளாமல் கிடந்த ஒரு சேர்மத்தை 1957-ல் விலங்குகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். அது பயத்தைத் தணித்தது, ஆனால் ஆளை அடித்துப் போட்டதுபோல் மயக்கவில்லை. அதுதான் குளோர்டயசெபாக்சைடு. லிப்ரியம் என்ற பெயரில் 1960-ல் விற்பனைக்கு வந்தது. 1963-ல் டயசெபாம், வேலியம் என்ற பெயரில் வந்தது.

தனியாக அதிக அளவில் விழுங்கினாலும் இவற்றால் சாவு நேர்வது அரிது என்பதால் மருத்துவர்கள் தைரியமாக எழுதினார்கள். விஷத்தன்மை குறைவு என்றால் பழக்கமும் ஏற்படாது என்று ஒரு நம்பிக்கை தானாக ஒட்டிக்கொண்டது. அது தவறு என்பதற்குச் சான்று சீக்கிரமே கிடைத்தது. 1961-ல் லியோ ஹாலிஸ்டர் என்ற மருத்துவரின் குழு, பல மாதங்கள் வழக்கத்தைவிட மிக அதிக அளவில் குளோர்டயசெபாக்சைடு சாப்பிட்டுவந்த 11 நோயாளிகளுக்கு, சொல்லாமல் வெற்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தது. 10 பேருக்குப் புதிய தொல்லைகள் வந்தன, இரண்டு பேருக்கு வலிப்பே வந்துவிட்டது. (இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி தராது.) அது அதிக அளவு சாப்பிட்டவர்களின் பிரச்சினை என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். சாதாரண அளவிலேயே இது நடக்கிறது என்று பரவலாக ஒத்துக்கொள்ள இன்னும் இருபது வருஷம் பிடித்தது. 1988-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் கொடுக்கவேண்டாம் என்று அறிவுறுத்தியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல்தான் சார்பு, அடிமையாதல், விலகல் தொல்லைகள் (மருந்தை நிறுத்தும்போதோ குறைக்கும்போதோ வருபவை) எல்லாவற்றையும் சேர்த்து, மருந்துத் தாளில் கட்டம் கட்டி அச்சிடும் தன் உச்சபட்ச எச்சரிக்கையில் போட்டது. மருந்து கடைக்கு வந்து சரியாக 60 வருஷம் கழித்து.

மூளைக்குள் நடப்பது

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கின்றன. தூண்டுதல் எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் முக்கிய வேதிப்பொருள் காபா. இது நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து ஒட்டும்போது அங்கே ஒரு நுண்வழி திறந்து, குளோரைடு அயனிகள் உள்ளே போகும். அதனால் அந்த அணு எளிதில் தூண்டப்படாத நிலைக்கு வரும். மூளை முழுக்க இது நடந்தால் நமக்குத் தெரிவது அமைதி.

பென்சோடயசெபைன் தானாக அந்த வழியைத் திறப்பதில்லை. அதே ஏற்பியில் பக்கத்தில் இன்னோர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, காபா வரும்போது வழி இன்னும் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. காபா இல்லாவிட்டால் இதற்கு வேலை இல்லை. தனியாகச் சாப்பிட்டால் உயிராபத்து குறைவு என்பதற்கு இதுதான் காரணம். பார்பிட்யூரேட்டோ அளவு கூடினால் காபாவை எதிர்பார்க்காமல் தானே வழியைத் திறந்துவிடும். பென்சோடயசெபைனுக்கென்று மூளையில் தனி ஒட்டுமிடம் இருப்பது 1977-ல்தான் தெரியவந்தது. அதற்குள் உலகம் பதினேழு வருஷமாக இந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தது.

சரி, தினமும் ஒரு பொருள் வந்து அடக்கும் பக்கத்துக்கே வலு கூட்டிக்கொண்டிருந்தால் மூளை என்ன செய்யும்? அதற்குத் தன் சமநிலைதான் முக்கியம். கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது கயிறு நடுவில் நிற்கும். அடக்கும் பக்கத்தில் ஒரு பலசாலி வந்து சேர்ந்துகொள்கிறார். கயிறு அந்தப் பக்கம் நகர்கிறது. இதுதான் முதல் வாரத்து நிம்மதி. மூளை இதைப் பார்த்துவிட்டு இரண்டு காரியம் செய்கிறது. பலசாலி வந்துவிட்டார் என்பதால் அவர் பக்கத்தில் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தவர்களின் பிடியைத் தளர்த்துகிறது: அதாவது ஏற்பிகள் மருந்துக்கு முன்புபோல் இசைவதில்லை. எதிர்ப்பக்கத்தில் ஆட்களையும் சேர்க்கிறது: குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளின் அமைப்பு கூர்மையாகிறது. கயிறு மறுபடி நடுவுக்கு வந்துவிடும். பலசாலி இன்னும் முழு மூச்சாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அவர் ஒன்றும் செய்யாததுபோலத் தெரியும். “மருந்து கேக்கல” என்பது அந்த நிலை.

இப்போது அவர் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். மருந்து வருவதற்கு முன்பிருந்த சமநிலை திரும்ப வராது. அடக்கும் பக்கம் தளர்ந்து, எதிர்ப்பக்கம் பெருத்துப்போய்க் கிடக்கிறது. கயிறு பழைய இடத்தையும் தாண்டி எதிர்ப்பக்கம் போய் விழும். மருந்தை ஆரம்பிப்பதற்கு முன் இருந்ததைவிட மோசமான பதற்றம், நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அங்கிருந்து வருபவை.

எல்லாப் பலனும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை

தாங்குதிறன் மருந்தின் எல்லா வேலைகளுக்கும் ஒன்றுபோல வராது. மாத்திரை தருகிற தூக்கக் கலக்கத்துக்கு உடம்பு மிக வேகமாகப் பழகும், சில நாட்களிலோ சில வாரங்களிலோ. தூக்கத்துக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் மாத்திரை சலித்துப்போவது இதனால்தான். வலிப்பைத் தடுக்கும் திறனும் வாரங்களில், மாதங்களில் குறையும். அதனால்தான் வலிப்பு நோய்க்குத் தினசரி நீண்ட கால மருந்தாக இவற்றை முதலில் தேர்ந்தெடுப்பதில்லை.

பதற்றத்தைத் தணிக்கும் பலன் இன்னும் மெதுவாகத் தேய்கிறது. இதில் நிபுணர்களுக்கிடையே ஒருமித்த கருத்து கிடையாது. அளவைக் கூட்டாமலே வருஷக்கணக்காக நிம்மதியாக இருக்கிறோம் என்று சொல்கிற நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பலன் உண்மையிலேயே நீடிக்கிறதா, இல்லை, மாத்திரை விலகல் தொல்லை வராமல் மட்டும் காத்துக்கொண்டிருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் பிடிபடாது.

மறதிக்குப் பழக்கம் அநேகமாக வருவதே இல்லை. மாத்திரை போட்ட சில மணி நேரங்களில் புதிதாகக் கேட்டது, படித்தது மனதில் சரியாகப் பதியாது. இந்தக் குறை வருஷங்கள் கழித்தும் அப்படியே இருக்கலாம். நீண்ட காலப் பயன்பாட்டின் லாப நஷ்டக் கணக்கு இங்கேதான் உதைக்கிறது: கேட்டு வாங்கிய பலன் தேய்ந்துகொண்டே போகிறது, கேட்காமல் வந்த தொல்லை தேயாமல் நிற்கிறது. வயதானவர்களுக்கு இது இன்னும் கடுமை. டயசெபாம் போன்றவை அவர்கள் உடம்பை விட்டு வெளியேற அதிக நேரம் எடுப்பதால் தேங்கும், தள்ளாட்டம் வரும், ராத்திரி எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்கிற மருந்துப் பட்டியல்களில் இந்தக் குடும்பம் நிரந்தரமாக இடம்பிடித்திருக்கிறது. தாத்தாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று கவலைப்படுகிற வீட்டில், அவர் ராத்திரி என்ன மாத்திரை போடுகிறார் என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அதிகாலை நாலு மணி

தாங்குதிறனும் விலகலும் ஒரு சாதாரண நாளில் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். ஒருவர் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம் சாப்பிடுகிறார். ஒரு நாளும் தவறியதில்லை, அளவு மீறியதில்லை. ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் அதிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உள்ளங்கை வியர்த்திருக்கிறது, நெஞ்சு அடிக்கிறது, காரணமே இல்லாமல் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற திகில். எட்டு மணி மாத்திரை போட்டதும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்குகிறது. சாயங்காலம் மறுபடி கண் கடிகாரத்துக்குப் போகிறது.

அல்பிரசோலத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 11 மணி நேரம். அதாவது உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய அவ்வளவு நேரம்தான். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டது அதிகாலையில் நன்றாகத் தேய்ந்திருக்கும். பழகிப்போன மூளைக்கு அந்தத் தேய்மானமே போதும். அடுத்த வேளை வருவதற்குள் ஒரு குட்டி விலகல் நடந்து முடிந்துவிடுகிறது, தினமும் இரண்டு முறை. டயசெபாமில் இது இவ்வளவு கூர்மையாகத் தெரியாது. அதன் அரை ஆயுள் 20 முதல் 50 மணி நேரம். உடம்பு அதிலிருந்து உருவாக்கும் இன்னொரு பொருளும் வேலை செய்யும், அது இன்னும் அதிக நேரம் தங்கும். மருந்தளவு மெதுவாகச் சரிவதால் மேடு பள்ளம் குறைவு.

அந்த நாலு மணித் திகிலை அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? “மாத்திரை போட்டாத்தான் சரியாகுது, அப்போ எனக்கு இன்னும் நோய் இருக்கு.” கேட்கச் சரியான தர்க்கம்போல இருக்கும். ஆனால் விலகல் தொல்லையும் அதே மாத்திரையால்தான் அடங்கும். ஆகவே மாத்திரை போட்டதும் நிம்மதி வருவது நோய்க்குச் சான்றாகாது. இந்த ஒரு வரியை மருந்துச் சீட்டின் பின்னால் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இந்த நிலையில் அளவைக் கூட்டினால் பலன் கிடைக்கும். 0.25 என்பது 0.5 ஆனால் சில வாரங்கள் சுகமாகப் போகும். மூளை அதற்கும் ஈடுகட்டிவிடும்; பிறகு அதே நாலு மணி, ஆனால் இறங்கவேண்டிய உயரம் கூடியிருக்கும். எண் சின்னதாக இருப்பதும் ஆளை ஏமாற்றும். அரை மில்லிகிராம் என்றால் பொடிசாகத் தெரிகிறது. ஆனால் அரை மில்லிகிராம் அல்பிரசோலம் டயசெபாம் கணக்கில் 5 முதல் 10 மில்லிகிராமுக்குச் சமம் என்று ஒப்பீட்டு அட்டவணைகள் சொல்கின்றன. “டாக்டர் எனக்குச் சின்ன மாத்திரைதான் குடுத்திருக்கார்” என்று நினைத்துக்கொண்டிருப்பவர் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பழக்கம், சார்பு, அடிமைத்தனம்

இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் நிறையப் பேர் காயப்படுகிறார்கள். அதே அளவுக்குப் பலன் குறைவது தாங்குதிறன். நிறுத்தினால் உடம்பு தவிப்பது சார்பு. இரண்டும் உடம்பின் இயல்பான எதிர்வினைகள். சீட்டில் எழுதியபடி நேரம் தவறாமல் சாப்பிட்ட ஒழுக்கமானவருக்கும் வரும். சொல்லப்போனால் அவருக்கு வர வாய்ப்பு அதிகம், ஒரு வேளைகூட விட்டதில்லையே. அடிமைத்தனம் வேறு: மருந்தின் மேல் அடக்கமுடியாத வேட்கை, வேண்டிய அளவைவிட மேலே மேலே போவது, ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் சீட்டு வாங்குவது, வாழ்க்கை கெட்டுப்போகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியாதது. முதல் இரண்டும் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் மூன்றாவதுக்குப் போவதில்லை.

“நீ மாத்திரைக்கு அடிமையாயிட்டே” என்று வீட்டில் யாராவது சொன்னால், ரோஷத்தில் அன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. இந்தக் குடும்ப மருந்துகளில் செய்யக்கூடாத முதல் காரியம் அதுதான். பல மாதங்கள் தினமும் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது தெரிவது வரைக்கும் போகலாம், உயிராபத்தும் உண்டு. அப்படி ஏதாவது தென்பட்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோகவேண்டும்.

மதுவையும் இங்கே சொல்லவேண்டும். அதுவும் இதே காபா ஏற்பியில்தான் வேலை செய்கிறது. அதனால் நீண்ட நாள் குடிக்கிறவருக்கு வழக்கமான அளவு மாத்திரை கேட்காமல் போகலாம். ஆனால் இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கும் அபாயம் கூடுகிறது, பழக்கம் அதிலிருந்து காப்பாற்றுவதில்லை. மார்பின், டிரமடால் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடு சேர்ப்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் 2016-லேயே இதற்குத் தனிக் கட்ட எச்சரிக்கை வந்துவிட்டது.

நோய் திரும்புகிறதா, விலகலா

நிறுத்தும்போதோ குறைக்கும்போதோ வருகிற பதற்றத்தை அடையாளம் காண முதல் துப்பு நேரம். அல்பிரசோலம், லோரசெபாம் போன்றவற்றில் ஒன்றிரண்டு நாளிலேயே விலகல் ஆரம்பிக்கும். டயசெபாமில் ஒரு வாரம்கூட ஆகலாம். அளவைக் குறைத்த கையோடு வந்து, உச்சத்துக்குப் போய், பிறகு தணிந்தால் அது விலகலாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய நோய் திரும்புவது பெரும்பாலும் மெதுவாக, வாரங்கள் கழித்து, பழைய கவலைகளைப் பிடித்துக்கொண்டு வரும். வந்தால் தானாகத் தணியாது.

இரண்டாவது துப்பு, முன்பு எப்போதும் இல்லாத தொல்லைகள். பாத்திரம் விழுகிற சத்தம் காதில் அறைவதுபோல் இருப்பது, வெளிச்சத்தில் கண் கூசுவது, தசை துடிப்பது, கை கால் மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பதுபோன்ற விநோத உணர்வு. பழைய பதற்றத்தில் இவை இருந்ததில்லை என்றால் சந்தேகம் மருந்தின் மேல்தான் போகவேண்டும். சிலருக்கு இது அலை அலையாக வரும்; நாலு நாள் நன்றாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் மறுபடி வரும். அதை நோய் முற்றியதாக எடுத்துக்கொண்டு அளவைக் கூட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

இறங்குவது எப்படி

மருத்துவர் மேற்பார்வையில் மெதுவாக இறங்குவது ஒன்றுதான் வழி. எவ்வளவு மெதுவாக? 2025-ல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைத்து ஆரம்பிக்கலாம் என்கிறது. எந்த இரண்டு வாரத்திலும் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது என்றும் சொல்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், குறைக்கும் வேகத்தை நோயாளியின் கையில் கொடுக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். காலண்டரைப் பார்த்து அல்ல, உடம்பைப் பார்த்து இறங்கவேண்டும் என்பது அவர் அணுகுமுறை.

சதவீதம் என்பது அந்தந்த நேரத்தில் சாப்பிடுகிற அளவில் கணக்கிடவேண்டியது. ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் சாப்பிடுகிறவருக்கு முதல் 10 சதவீதம் 0.1, அடுத்தது 0.9-ல் 10 சதவீதம், அதாவது 0.09. போகப்போகத் துண்டு சிறுத்துக்கொண்டே போகும். காரணம் இதுதான்: 1-லிருந்து 0.25 குறைத்தால் கால் பங்கு போகிறது, 0.5-லிருந்து அதே 0.25-ஐக் குறைத்தால் பாதியே போய்விடுகிறது, 0.25-லிருந்து குறைத்தால் முழுசும் போகிறது. ஒவ்வொரு முறையும் கால் மாத்திரைதானே என்று ஒரே அளவாக வெட்டுகிறவர்கள் ஆரம்பத்தில் சுலபமாக இறங்கிவிட்டுக் கடைசிப் படியில் தடுக்கி விழுவது இதனால்தான். “கடைசியில இருந்த அந்தத் துளியூண்டு மாத்திரைதான் ரொம்பப் படுத்துச்சு” என்று சொல்பவர் மிகைப்படுத்தவில்லை.

அவ்வளவு சிறிய துண்டாக மாத்திரையை வெட்ட முடியாது. அதற்காகச் சில மருத்துவர்கள், குறுகிய நேரம் தங்கும் மருந்திலிருந்து டயசெபாமுக்குப் படிப்படியாக மாற்றுவார்கள். அதில் 2 மில்லிகிராம் மாத்திரை இருப்பதால் சின்னச் சின்னதாகக் குறைக்கலாம், ரத்தத்தில் மருந்தளவும் சீராகச் சரியும். திரவ மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. ஆனால் நீண்ட நேரம் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை வெட்டவோ பொடிக்கவோ கூடாது. வெட்டினால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இடையில் தொல்லை அதிகமானால் அந்தப் படியிலேயே சில வாரங்கள் நின்றுவிட்டு, உடம்பு அமைதியானதும் மறுபடி இறங்கலாம். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இழுத்தாலும் குற்றமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது மட்டும் குறைப்பதாகத் தெரியும் ஒரு தவறு. அல்பிரசோலம் போன்றவற்றில் அது உடம்பை நாள்தோறும் விலகலுக்கும் நிவாரணத்துக்கும் நடுவே ஆட்டிவைக்கும்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் சிகிச்சை) கூடவே எடுத்துக்கொள்பவர்கள் நிறுத்துவதில் அதிகம் வெற்றி பெறுகிறார்கள். வெறும் தகவலுக்குக்கூட எவ்வளவு சக்தி என்பதைக் கனடாவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 65 வயதுக்கு மேற்பட்ட, நீண்ட நாளாக இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அபாயங்களையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் நிறுத்திவிட்டார்கள். கையேடு கிடைக்காத குழுவில் நிறுத்தியவர்கள் 5 சதவீதம். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்தது கொஞ்சம் காகிதம்தான்.

எல்லாரும் நிறுத்தியே ஆகவேண்டும் என்று சொல்லவரவில்லை. விமானத்தில் ஏற, ஒரு பரிசோதனைக்குப் போக என்று எப்போதாவது ஒரு மாத்திரை போடுகிறவருக்கு மேலே சொன்ன மாற்றங்கள் உருவாக நேரமே இருக்காது. “வேணும்போது மட்டும்” என்று ஆரம்பித்தது வாரத்தில் ஆறு நாள் ஆகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பல வருஷங்களாகக் குறைந்த அளவில் நிலையாக இருந்து, வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காதவர்களுக்கு, லாப நஷ்டம் பார்த்து மருத்துவரே தொடரச் சொல்லலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மருத்துவரிடம் “இதை எத்தனை வாரம் சாப்பிடணும், எப்படி நிறுத்தணும்” என்று முதல் நாளிலேயே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

முழுவதும் நிறுத்தியவர்கள் பழைய பதற்றம் இன்னும் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே தீர்ப்பெழுதக் கூடாது. மூளை தன் ஏற்பிகளைத் திரும்பச் சரிசெய்துகொள்ளப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகும் பதற்றம் நிலையாக இருந்தால், அதற்கு நீண்ட காலச் சிகிச்சைகள் இருக்கின்றன. இதற்கிடையில் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டைகளை அப்புறப்படுத்திவிடவேண்டும். நிறுத்திச் சில மாதங்கள் ஆனதும் தாங்குதிறனும் போய்விடும். முன்பு சர்வசாதாரணமாகப் போட்ட அளவை ஒரு மோசமான ராத்திரியில் அப்படியே எடுத்து விழுங்கினால், இப்போது அது அந்த உடம்புக்கு அதிக அளவு.